விலாசம் சொல்லாத கிளடிஸ்

கிளடிஸுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று அவளோடு வேலை செய்த பெண்கள் சொல்வார்கள். அது முழுக்க உண்மையில்லை. கோயிலில், பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தால் கேட்பாள். வேறெங்கும் அவள் கேட்டதை யாரும் கண்டதில்லை.

மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஒரே வேலை: மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம். ஒருமுறை அங்கே புதிதாக வந்த மேலாளர் ஒருவர், வேலை நேரத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். அடுத்த நாள் கிளடிஸ் தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கிக்கொண்டே உரத்த குரலில் தமிழில் செபமாலை சொல்லத் தொடங்கினாள். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் மொழியில் மறுமொழி சொன்னார்கள். மேலாளர் ஓடி வந்தார்.

"கதைக்கேல்லை சேர், செபிக்கிறம்," என்றாள் கிளடிஸ், ஆங்கிலத்தில். அந்த வார முடிவுக்குள் சுவரில் ஒட்டியிருந்தது காணாமல் போயிற்று.

அவளும் கணவன் றெமிஜியஸும் வோபர்னில், எல்ஸ்மியர் வீதிக்கு உள்ளே, ஹேசல்வே என்ற வளைந்த தெருவில் வீடு வாங்கியிருந்தார்கள். தொண்ணூறு வீட்டுக்குக் கிட்ட இருக்கும். தெருவின் பின்பக்கத்தில் ஒரு பழைய உயர்ந்த வாடகைக் கட்டடம். அந்தக் கட்டடத்து ஆட்கள் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவதற்கு, இரண்டு வேலிகளுக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய நடைபாதை ஹேசல்வேயில் வந்து ஏறும். எல்லாரும் அதை வோக்வே என்பார்கள். நகரசபைக்குச் சொந்தமான பாதை. அதில் நின்ற ஒரே விளக்கும் எரிவதை நிறுத்திப் பல காலம்.

ஒரு தை மாதத்து விடியற்காலை கிளடிஸ் வேலைக்குப் போக வெளியே வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. வீட்டு வாசலில் கார் இல்லை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. கார் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் கறுப்பாய்க் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் றெமிஜியஸை எழுப்பினாள்.

"இஞ்சேருங்கோ, காரைக் கொண்டு போட்டாங்கள்."

"ஆர்?"

"பேர் எழுதி வைச்சிட்டுப் போகேல்லை."

வந்த பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். இந்நேரம் உங்கள் கார் ஏதாவது ஒரு துறைமுகத்தில் கொள்கலனுக்குள் ஏறியிருக்கும் என்றார். அந்த மாதிரிச் சொன்னதுதான் அவளுக்குச் சுட்டது. மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் ஹேசல்வேயில் இன்னும் சில கார்கள் போயின. அதைவிட மோசமானது ஜெயரட்ணம் வீட்டில் நடந்தது. ஜெயரட்ணம் வீடு விற்கும் தரகர். தெருவின் மேற்கு முனையில் இருந்தவர். எல்லாருக்கும் உதவுகிற மனிதர். அவரும் மனைவியும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம், முகமூடி போட்ட இருவர் முன்கதவை உதைத்து உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மேலே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து, அவர்கள் வாசலில் நின்ற மற்றக் காரின் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் தனியே இருந்ததில்லை.

கிளடிஸ் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே நடந்த உரையாடலை வீட்டுக்கு வந்து றெமிஜியஸுக்குத் தமிழில் நடித்தே காட்டினாள்.

"நான் கேட்டன்: கடைத்தெருவிலை கடைக்காரர் எல்லாரும் சேர்ந்து காசு போட்டு, தங்கடை வட்டாரம் எண்டு பதிஞ்சு, விளக்குப் போடுகினம், பூச்சாடி வைக்கினம், காவலுக்கும் ஆள் பிடிக்கினம். வீட்டுக்காரர் நாங்கள் அப்பிடிச் செய்யேலாதோ? அந்தப் பிள்ளை கொம்பியூட்டரைத் தட்டிப் பாத்திட்டு, வீடுகளுக்கு அப்பிடி ஒரு சட்டம் இல்லை எண்டுது. செய்யக்கூடாது எண்டு சட்டம் இருக்கோ எண்டு கேட்டன். திரும்பவும் தட்டிச்சுது. அதுவும் இல்லை எண்டுது."

"பிறகு?"

"காணும் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

றெமிஜியஸ் முதுகு நோவினால் வேலையை விட்டு வீட்டில் இருந்தவர். எதையும் யோசித்துத்தான் செய்வார். பெரும்பாலும் யோசிப்பதோடு நிறுத்திவிடுவார். "கிளடிஸ், உது பெரிய வேலை," என்றார்.

"பெரிய வேலைதான். அதுதான் தொடங்கப் போறன்."

ஜெயரட்ணமும் அவளும் சனிக்கிழமைகளில் வீடு வீடாக ஏறினார்கள். மாதம் மாதம் ஒவ்வொரு வீடும் ஒரு தொகை போடவேண்டும்; அதில் விளக்குகள், வேலி திருத்தம், பனி அள்ளுதல், சுற்றிவர ஒரு காவல் வண்டி. சிலர் உடனே சம்மதித்தார்கள். சிலர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஆள் இல்லாததுபோல நடித்தார்கள். சல்வத்தோரே என்ற இத்தாலியக் கிழவர் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சத்தம் போட்டார். இந்தத் தெருவில் வீடு கட்டும்போது சீமெந்து பூசியவனே நான்தான், இவ்வளவு காலம் வரி கட்டுகிறேன், இன்னொரு வரி எதற்கு என்றார்.

"அந்த வரி நகரத்துக்கு. இது எங்களுக்கு," என்றாள் கிளடிஸ். அவர் கதவைச் சாத்தினார். அடுத்த சனிக்கிழமை அவள் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரோல்ஸை நிறுத்தவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இப்படித்தான் ஹேசல்வே காவல் மேம்பாட்டுச் சங்கம் பதிவாயிற்று. ஜெயரட்ணம் தலைவர். அவருக்குக் கூட்டம் நடத்தவும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் வரும். கிளடிஸ் செயற்குழுவில் ஒருத்தி. அந்தக் கோடையில் வோக்வேயை ஒட்டிய வீடுகளின் பின்சுவர்களில், ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் விளக்குகள் பூட்டினார்கள். உடைந்த வேலியைத் திருத்தினார்கள். ஒரு காவல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். மஞ்சள் விளக்குப் போட்ட சிறிய வண்டி தெருவைச் சுற்றத் தொடங்கியது. கார்க் களவு குறைந்தது. தமிழ் வானொலியில் கூப்பிட்டு அவளைப் பேட்டி எடுத்தார்கள். "ஆரும் வந்து செய்து தருவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தால், கிழவியாகிச் செத்தும் போயிருப்பன்," என்று அவள் வானொலியில் சொன்னதைக் கேட்டு றெமிஜியஸ் வெட்கப்பட்டாலும், அந்த ஒலிப்பதிவை இரண்டு பேருக்கு அனுப்பினார்.

ஆனால் புரட்டாதியில் மறுபடியும் ஒரே இரவில் இரண்டு கார்கள் போயின. ஜெயரட்ணம் வட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினார். கள்வர் வோக்வேயால்தான் வருகிறார்கள். பின்னாலுள்ள கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். இனிமேல் காவலாளி வோக்வே வாயில் நின்று, வருகிற ஆட்களை இங்கே வசிப்பவரா என்று கேட்கவேண்டும். விருப்பமானவர்கள் கட்டைவிரலைப் போடுங்கள். சமையற்கூடத்தில் கைபேசியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் வேலை. கிளடிஸ் பின்னேரம் திறந்து பார்த்தபோது கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன. முடிவும் ஆகிவிட்டது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் கதைக்கலாம் என்று விட்டாள். கூட்டம் வருவதற்கு முன் உம்மு ஸல்மா கூப்பிட்டாள்.

உம்மு ஸல்மா அந்த உயர்ந்த கட்டடத்தில் இருப்பவள். எருக்கலம்பிட்டி ஆள், கிளடிஸ் பிறந்த அதே தீவு. வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்து விற்கிறாள். பெருநாளுக்கு அவளிடமிருந்து வட்டிலப்பம் வரும். நத்தாருக்கு இங்கிருந்து கேக் போகும். அன்றைக்குக் குரலில் எதுவும் இல்லாமல், "ஒருக்கா வந்துட்டுப் போங்க," என்றாள்.

கிளடிஸ் வேலை முடிந்து நேரே போனாள். ஸல்மாவின் மகன் ரில்வான் சோபாவில் இருந்தான். வீடுகளுக்குப் போய் சூடாக்கி, குளிரூட்டி திருத்துகிற வேலை அவனுக்கு. முதல்நாள் வேலை முடிந்து கருவிப் பெட்டியோடு வோக்வேயால் வந்தவனைக் காவலாளி மறித்திருக்கிறான். எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறான். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறான். ரில்வான் காட்டியிருக்கிறான்.

"விடுங்க உம்மா, இட்ஸ் ஓகே," என்றான் அவன். "அவன் தன்ட ஜொப்பைச் செய்றான்."

"நீ உள்ளுக்குப் போ," என்றாள் ஸல்மா. அவன் போனதும் கிளடிஸைப் பார்த்தாள். "இது உங்கட ஆக்கள் போட்ட காவல்தானே?"

"ஓம். நான்தான் போட்டனான்."

"அப்ப உங்களுக்குத்தான் சொல்லணும். எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னப்போ எனக்குப் பதினேழு வயசு. வாசல்ல நிப்பாட்டிப் பையைத் திறந்து பாத்தாங்க. எங்கட உம்மாட காதுல கிடந்ததைக் கழட்ட வைச்சாங்க. நாங்க கழட்டிக் குடுத்துட்டு வள்ளத்துல ஏறினோம். ஒரு சொல்லுச் சொல்லல்ல. என்ட புள்ளையும் இங்க ஒரு சொல்லுச் சொல்லாமப் பெட்டியத் திறந்து காட்டியிருக்கான். அதுதான் எனக்குத் தாங்கல்ல, கிளடிஸ். அவன் மறுத்திருந்தா நான் நிம்மதியாப் படுத்திருப்பேன்."

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியதைக் கிளடிஸும் அறிவாள். தீவு முழுக்க அறியும். ஸல்மா வைத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினாள். ஜெயரட்ணத்தோடு கதைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் அதற்கு முதல் வோக்வேயால் நடந்து வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

பின்னேர வெய்யில் வேலிகளின் மேல் சரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். அவள் வேலை உடுப்பிலேயே இருந்தாள்: எண்ணெய் பட்ட கறுப்புக் காற்சட்டை, தடித்த சப்பாத்து, தலையை மூடிய ஜக்கெற். வோக்வே ஹேசல்வேயில் ஏறும் இடத்தில் சீருடை போட்ட ஒரு பொடியன் நின்றான். கையை உயர்த்தி மறித்தான்.

"நீங்கள் இந்தத் தெருவில் வசிப்பவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கிளடிஸ் நின்றாள். ஓம் என்ற ஒரு சொல்லோடு முடிகிற காரியம். நின்ற இடத்திலிருந்தே அவள் வீடு தெரிந்தது. றெமிஜியஸ் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். ஊரில் எத்தனை சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நின்று, எங்கேயிருந்து வாறாய், எங்கே போறாய் என்று கேட்டவனுக்கெல்லாம் மறுமொழி சொல்லியிருக்கிறாள். அவர்கள் தோளில் துவக்கு இருந்தது, அதனால் சொன்னாள். இவனிடம் இருப்பது ஒரு வோக்கி டோக்கி. அதுவும் அவளுடைய காசில் வாங்கியது.

"சொல்லமாட்டன்," என்றாள், தமிழில்.

பொடியனின் முகம் மாறியது. சட்டையில் றமேஸ் என்று பெயர் குத்தியிருந்தது. "அன்ரி, நீங்கள் தமிழோ?"

"நீர் எதைக் கேக்கிறீர்? தமிழோ எண்டோ, இஞ்சை இருக்கிறனோ எண்டோ?"

"ரெண்டாவதை, அன்ரி."

"அதுக்கு மறுமொழி இல்லை."

"அன்ரி, இது ஓடர். எல்லாரையும் கேக்கச் சொல்லித்தான் சொன்னவை."

"எல்லாரையுமோ?" கிளடிஸ் கையை நீட்டினாள். சல்வத்தோரே கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அவர்களைக் கடந்து போயிருந்தார். "அவரைக் கேட்டனீரோ?"

"அவர் இஞ்சை இருக்கிறவர்."

"எப்பிடித் தெரியும்? நெத்தியிலை எழுதிக் கிடக்கோ?"

றமேஸ் கனடாவுக்கு வந்து இரண்டு வருசமாகவில்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பை விட்டு வந்து, ஒரு நிலவறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு, கிடைக்கிற ஷிஃப்ட் எல்லாம் எடுக்கிறவன். இதெல்லாம் கிளடிஸுக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவள் பார்த்தது, வியர்த்துப்போய் நிற்கிற ஒரு பிள்ளையை. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக வழி விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

வோக்வே முகப்பில் மின்சாரக்காரர் வைத்த பச்சைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நான் இஞ்சை இருக்கிறன். நீர் ஆரைக் கூப்பிடவேணுமோ கூப்பிடும்."

அவன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். மேற்பார்வையாளர் ஜெயரட்ணத்தைக் கூப்பிட்டார். அதற்கிடையில் கட்டடத்து ஆட்கள் வோக்வேயால் வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற தாய்மார், வேலைக்குப் போகிறவர்கள். என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு கிளடிஸ் ஒரே வசனத்தைச் சொன்னாள்: எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், சொல்லவேண்டிய அவசியம் ஒருத்தருக்கும் இல்லை. ஒரு சோமாலியப் பெண் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். இன்னும் சிலர் நின்றார்கள், ஒருவர் கைபேசியில் வீடியோ எடுத்தார். செய்தி எப்படிப் போனதோ, உம்மு ஸல்மாவும் வந்து பெட்டியின் மறுபக்கத்தில் சாய்ந்துகொண்டாள். றெமிஜியஸ் குப்பைத்தொட்டியை விட்டுவிட்டு வந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

ஜெயரட்ணம் காரில் வந்து இறங்கியபோது அங்கே ஒரு கூட்டம் கூடியிருந்தது. பெட்டியில் இருப்பது யார் என்று கண்டதும் தலையில் கை வைத்தார்.

"அக்கா! என்ன விளையாட்டு இது? இஞ்சைதான் இருக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது."

"அதுதான் சொல்லமாட்டன்."

"இவர் எங்கடை செயற்குழு உறுப்பினர்," என்றார் ஜெயரட்ணம் றமேஸிடம். "இவவை விடலாம்."

"விடத் தேவையில்லை. எனக்குப் பின்னாலை நிக்கிற இவையையும் விடுவீங்களோ எண்டு சொல்லுங்கோ. இவைக்கு ஆர் சாட்சி சொல்லுறது?"

"அக்கா, பாதுகாப்புக்கு எண்டு தொடங்கினதே நீங்கள்தானே!"

"ஓம். நான் தொடங்கினன். அதாலைதான் இதிலை இருக்கிறன். வேறை ஆரும் தொடங்கியிருந்தால் வீட்டை போயிருப்பன்."

மேற்பார்வையாளர் பொலிஸைக் கூப்பிடப்போவதாகச் சொன்னார். கூப்பிடு என்றாள் கிளடிஸ். வெய்யில் இறங்கிக் கால்கள் குளிரத் தொடங்கிய நேரத்தில் ஒரு பொலிஸ்காரி வந்தாள். எல்லாருடைய கதையையும் கேட்டுவிட்டு, இது பொதுப்பாதை, இதில் நடப்பவர் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை, இதில் இருக்கவும் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் ஏறியிருப்பதுதான் அவ்வளவு நல்லதில்லை என்றாள். கிளடிஸ் இறங்கினாள். வோக்வேயில் நின்ற சனம் கை தட்டியது. அவள் ஹேசல்வேயைக் குறுக்கே கடந்து தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அப்போதும் அது தன் வீடு என்று யாருக்கும் சொல்லவில்லை.

உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றக் கதிரையில் இருந்தாள். றெமிஜியஸ் குனிந்து நாடாவை அவிழ்த்துவிட்டார். முதுகு நோகிற மனுசன். "உது பெரிய வேலை எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

"கதைக்காமல் அவிழுங்கோ," என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. கிளடிஸ் இரண்டு விடயம் கேட்டாள். காவலாளி யாரையும் மறித்துக் கேட்கக்கூடாது. கட்டடத்து ஆட்களையும் சங்கத்தில் சேர்க்கவேண்டும். அவர்களும் இயன்றதைப் போடுவார்கள், அவர்களுக்கும் வாக்கு வேண்டும். வோக்வேயால் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான். அதன் நல்லது கெட்டதும் அவர்களுக்குத்தான் முதலில்.

ஜெயரட்ணம் எழும்பினார். வழக்கமான கூட்டக் குரல் அவரிடம் இல்லை.

"அக்கா பெட்டியிலை இருந்ததை எல்லாரும் வீடியோவிலை பாத்தீங்கள். கை தட்டினீங்கள். என்ரை பிள்ளை அலுமாரிக்குள்ளை இருந்ததை ஆரும் வீடியோ எடுக்கேல்லை. அவள் இண்டைக்கும் குளிக்கேக்கை கதவைத் திறந்து வைச்சு, தாயை வாசலிலை இருத்திப்போட்டுத்தான் குளிக்கிறாள். ஒரு கேள்வி கேக்கிறதாலை ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு? கேள்விக்குப் பயப்பிடுறவன் ஏன் பயப்பிடுறான்?"

அந்தப் பிள்ளையைக் குழந்தையிலிருந்தே கிளடிஸுக்குத் தெரியும் என்றில்லை. ஆனால் தெருவில் சைக்கிள் ஓடப் பழகியதைக் கண்டவள்.

"ஜெயரட்ணம், உங்கடை பிள்ளையை நினைச்சு நானும் அழுதிருக்கிறன்," என்றாள் கிளடிஸ். "அவளுக்கு வந்த பயம் மெய்ப் பயம். ஆனால் ரில்வானைப் பெட்டி திறக்க வைச்சதாலை அந்தப் பயம் ஒரு துளி குறைஞ்சுதோ? குறைஞ்சிருந்தால் சொல்லுங்கோ, நான் இருந்திடுறன். கள்ளன் காரிலை வாறான். நாங்கள் நடந்து வாற சனத்தை மறிக்கிறம். மறிக்கேலுமான ஆக்களை மறிக்கிறம்."

யாரோ கை தட்டினார்கள். யாரோ சத்தம் போடாதே என்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து சல்வத்தோரே எழும்பினார். என்னை ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றார். நானும் நாயும் தினமும் இரண்டு தரம் காவலாளியைக் கடந்து போகிறோம். ஒரு நாளும் கேட்கவில்லை. என்னைக் கேட்காத கேள்வியை என் காசில் மற்றவனைக் கேட்காதே என்று மேசையில் அடித்தார்.

ஆனாலும் வாக்கெடுப்பில் கிளடிஸ் தோற்றாள். கொஞ்ச வாக்குத்தான் வித்தியாசம், தோல்வி தோல்விதான். முன்னுக்கு இருந்த சிலர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்கள்.

"ஒரு நிமிசம்," என்றாள் கிளடிஸ். "தோத்திட்டன், சரி. என்ரை கையெழுத்தை எடுத்துப்போடுங்கோ. என்ரை காசும் இனி வராது. ஆனால் கிளடிஸ் தோத்தாள், வீட்டிலை இருந்து அழுகிறாள் எண்டு ஆரும் நினைக்கவேண்டாம். வாற ஞாயிறு கட்டடத்தின்ரை கீழ் மண்டபத்திலை புதுச் சங்கம் தொடங்குறன். வோக்வேக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஆரும் வரலாம். வாசலிலை ஆரும் விலாசம் கேக்கமாட்டினம்."

எவ்வளவு பேர் வருவார்கள் என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனபோது, உம்மு ஸல்மா அவித்த இடியப்பத்தின் மணம் மண்டபத்துக்கு வெளியே வந்தது. கட்டடத்து ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். ஹேசல்வேயிலிருந்து முப்பது வீட்டுக்காரர் வந்திருந்தார்கள். சல்வத்தோரே நாயையும் கொண்டு வந்திருந்தார். ரில்வான் முதலில் பின்னால் நின்றான். வோக்வே விளக்கை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது, "ஐ கேன் டூ தட். நான் பாக்கிறேன்," என்று கையை உயர்த்தினான். ஸல்மா இடியப்பத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நிமிரவில்லை.

புதுச் சங்கத்தில் காவல் வண்டி இல்லை. அந்தளவு காசும் இல்லை. கார் வைத்திருப்பவர்களுக்குத் ஸ்ரியறிங்கில் மாட்டும் பூட்டு மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள். பின்னேரங்களில் நாலு நாலு பேராக, மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு தெருவையும் கட்டடத்தையும் சுற்றி நடந்தார்கள். யாரையும் மறிக்கவில்லை, காண்கிற எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்கள். நகரசபைக்குக் கட்டடத்திலிருந்தும் தெருவிலிருந்தும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தொலைபேசி எடுத்து, விளக்கு எரியவில்லை, விளக்கு எரியவில்லை என்றார்கள். சித்திரையில் லொறி ஒன்று வந்து புது விளக்குக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனது. கார்க் களவு முற்றாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. மாசியில் ஒன்று போனது. அதுவும் மஞ்சள் மேலங்கிக்காரர் ஒருவருடைய கார். வட்ஸ்அப்பில் சிலர் சிரித்தார்கள். அவர் அன்று பின்னேரமும் நடக்க வந்தார்.

பழைய சங்கத்தில் வீடுகள் குறையக் குறைய ஒவ்வொரு வீட்டின் பங்கும் ஏறியது. இன்னும் சிலர் விலகினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மஞ்சள் விளக்கு வண்டி வருவது நின்றது. மேற்கு முனையில் சில வீட்டு யன்னல்களில் நிறுவனத்தின் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் இருக்கிறது.

வைகாசியில் ஒருநாள் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடை வாசலில் கிளடிஸ் றமேஸைக் கண்டாள். கடைத்தொகுதிக்குக் காவல் நின்றான்.

"உங்களாலை எனக்கு ஷிஃப்ட் குறைஞ்சு போச்சு, அன்ரி," என்றான் எடுத்த எடுப்பில்.

"ஓம். தெரியும்."

அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்தான். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "எங்கடை சமையற்கூடத்திலை ஆள் எடுக்கினம். தொழிற்சங்கம் இருக்கிற வேலை. வேணுமெண்டால் சொல்லும், நான் கதைக்கிறன்," என்றாள்.

"வேண்டாம் அன்ரி," என்றான் அவன், வீம்பாக. கிளடிஸுக்கு அந்த வீம்பு பிடித்துக்கொண்டது. மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜெயரட்ணம் அவளோடு இன்னும் கோபம்தான். அவருடைய மகள் இப்போது பல்கலைக்கழகத்துக்கு, கட்டடத்துக்கு அந்தப் பக்க வீதியால் வருகிற பஸ்ஸில் போகிறாள். விடிய, புது விளக்கின் கீழால் தகப்பன் அவளை வோக்வேயின் அந்த முனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார். கிளடிஸுக்கு வேலையில்லாத நாளில் எதிரே கண்டால், அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அவள் விடமாட்டாள். பாதை முழுக்கக் கேட்கும்படி, "குட் மோர்னிங், ஜெயரட்ணம்!" என்பாள். மகள் சிரித்துவிடுவாள். அவர் வேலியைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, "குட் மோர்னிங், அக்கா," என்று சொல்லித்தான் கடந்து போகவேண்டியிருக்கும்.